மண்டபத்து இரைச்சலும் தம்பியின் கிற்றார்ப் பெட்டியும்

கடந்த சில மாதங்களாக எமது வெள்ளிக்கிழமைப் பஜனையில் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்த இரைச்சலைப் பற்றி அங்கத்தவர்கள் பலரும் பலவிதமாகப் பேசிக்கொண்டனர். பஜனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பியின் கிற்றாரே அதற்குக் காரணம் என்றனர் சிலர். கிற்றார் அல்ல, அவருடைய காலடியில் கிடந்து சிவப்பும் பச்சையுமாக மின்னும் பெட்டிதான் காரணம் என்றனர் வேறு சிலர். அதை மண்டபத்துக்குள் விடுவதா இல்லையா என்று செயற்குழு தீர்மானிக்க வேண்டும் என எழுத்திலும் கேட்டிருந்தார்கள். றேடியோ, அம்பிளிபயர் முதலியவற்றைத் திருத்தும் தொழிலை இந்நாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைப் பார்த்துச் சொல்லும்படி செயலாளர் என்னைக் கேட்டார். பார்த்தேன்; செயற்குழுவுக்கு வாய்மூலம் சொல்லியும்விட்டேன். பிள்ளைகளுக்கு இப்படியான பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றார் எம்மிடையே இன்னும் பலர் இருப்பதால், செய்தி மடலிலும் எழுதுமாறு பணித்தார்கள்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிற்றாரின் உருக்குக் கம்பி அதிரும்போது, அதன் கீழே உள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அந்த மெல்லிய அலையை அம்பிளிபயருக்குப் போகும் வழியில் மறித்து, எதிரொலி சேர்ப்பதும் கரகரப்புச் சேர்ப்பதும் பழைய வித்தை. 1958 இல் சார்லி வாட்கின்ஸ் என்பவர் லண்டனில் 'கொப்பிகற்' என்ற எதிரொலிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதிலே ஒரு சிறு நாடா வளையம் ஓயாமல் சுற்றும். ஒரு தலை ஒலியைப் பதியும். அடுத்த தலைகள் சற்றுப் பிந்தி அதையே வாசிக்கும். அந்த நாடாவை மாற்றி, தலைகளைத் துடைத்துக் கொடுப்பது அக்காலத்தில் எம் போன்றோருக்கு வழக்கமான வேலை. 1983 இல் ஜப்பானின் பொஸ் கம்பெனி, நாடாவே இல்லாமல் எண்களால் எதிரொலி உண்டாக்கும் சிறிய மிதிபெட்டியை வெளியிட்டது. இன்றைய பெட்டியோ கிற்றாரின் அலையை வினாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து எண்ணாக்கி, எதிரொலி, கரகரப்பு, அம்பிளிபயரின் குணம், ஒலிபெருக்கிப் பெட்டியின் குணம் எல்லாவற்றையும் கணக்காகவே போட்டு முடித்து, திரும்பவும் மின்னலையாக வெளியே விடுகிறது. சுருங்கச் சொன்னால், ஒரு கடை நிறைந்த சாமானைச் சப்பாத்துப் பெட்டி அளவில் அடக்கிவிட்டார்கள்.

கிற்றார் கோயிலுக்கு ஆகுமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. ஆனால் பஜனையில் நாம் உரிமையோடு மடியில் வைத்து வாசிக்கும் ஆர்மோனியம் 1840களில் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற கருவி. வயலினை எமது சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் என்பதும் யாவரும் அறிந்ததே. இதற்கு மேல் அந்த வழக்கைப் பெரியோர் தீர்க்கட்டும்.

நிற்க, இரைச்சலுக்கு வருவோம். அது பெட்டியின் குற்றம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, எமது குழுவில் வயதில் மூத்த அக்கா ஒருவர் மாத்திரம் வேறொன்று சொன்னார். "தம்பி, இது வெறும் சத்தமில்லை. இதுக்குள்ள இன்னொரு சுருதி நிக்குது" என்றார். காதுள்ளவர் சொன்ன சொல். இந்நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைவது. ஆகவே அதனால் உண்டாகும் இரைச்சலும் 50, 100, 200 ஹெர்ட்ஸ் என்ற இடங்களிலேயே பலமாக நிற்கும். எமது பெண்கள் பாடும் ஐந்து கட்டைச் சுருதியின் சட்சமோ 196 ஹெர்ட்ஸ். அதன் கீழ்ச் சட்சமம் 98. 196க்குப் பக்கத்தில் 200 வந்து நின்றால் என்ன ஆகும்? வினாடிக்கு நான்கு தடவை அலை மோதும். அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு கூடிய ஒரு பொய்த் தம்புரா, மெய்த் தம்புராவுக்குப் பக்கத்தில் இருந்து மீட்டிக்கொண்டே இருப்பது போலத்தான். ஆண்கள் ஒரு கட்டையில் பாடும்போது அதே இரைச்சல் பஞ்சமத்துக்குச் சற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். சில வாரங்கள் எமது பாட்டுச் சுருதி சேராமல் மேலே மேலே ஏறியதற்குப் பாடகர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது என்பது என் எண்ணம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. பெட்டியில் உள்ள குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது அந்த முறை அல்ல. கிற்றார் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். தம்பியிடம் கிற்றாரின் ஒலியைப் பூச்சியத்துக்குக் குறைக்கச் சொன்னேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் காந்தச் சுருள் குற்றவாளி அல்ல. (சுருளால் வருவதென்றால், கிற்றாரோடு நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பும்போது கூடிக் குறையும். அலங்கார விளக்குகளின் வெளிச்சத்தைக் குறைக்கும் சுவிச்சுக்குக் கிட்டப் போனால் இன்னும் கூடும். வீட்டிலே சோதிப்போர் இதை மனத்திற் கொள்க.) பின்னர் கிற்றார் வயரையே பெட்டியிலிருந்து கழற்றினோம். இரைச்சல் போகவில்லை. தம்பியின் பெட்டியிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே போயின. ஒன்று, அவர் தன் வாசிப்பைத் தானே கேட்பதற்காகப் பக்கத்தில் வைத்திருக்கும் சிறிய அம்பிளிபயருக்கு. மற்றது மண்டபத்தின் பின்பக்கம் இருக்கும் மிக்சருக்கு. அம்பிளிபயர் வயரைக் கழற்றினேன், இரைச்சல் நின்றது. அதைத் திரும்பச் செருகி மிக்சர் வயரைக் கழற்றினேன், அப்போதும் நின்றது. இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே இரைச்சல்.

இத்தொழில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மேடையோரத்துச் சொக்கற்றில் அம்பிளிபயர். செருப்பு வைக்கும் அறைச் சுவரில் உள்ள சொக்கற்றில் மிக்சர். இரண்டுக்கும் புவித்தொடுப்பு வயர் தனித்தனி வழியாகப் போகிறது. தம்பியின் ஒலி வயர்கள் இரண்டையும் இணைத்ததும் ஒரு பெரிய வளையம் பூர்த்தியாகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே எமது பொய்த் தம்புரா. பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை, தம்பியிலும் இல்லை.

இதைத் தம்பிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்ன ஒரு சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கிள், அலுமாரிக்குள்ள ஒரு வெள்ளை நீட்டு வயர் இருக்கு. அம்பிளிபயரை அதில குடுத்தால் இரைச்சல் வராது. அதுதான் நல்ல வயர். போன வெள்ளிக்கிழமையும் அதைத்தான் போட்டனான்" என்றார்.

அந்த வயரை எடுத்து அதன் பிளக்கைத் திறந்து பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமான புவித்தொடுப்பு வயரை யாரோ வெட்டி, பின்புறமாக மடித்து, தற்செயலாகத் தொடாதபடி ஒட்டுநாடாவும் சுற்றியிருந்தார்கள். இந்நாட்டுப் பிளக்கில் மேலே உள்ள நீளமான முனைதான் சொக்கற்றின் மூடியைத் திறக்கும். அதை உடைத்து எறிந்தால் பிளக் உள்ளே போகாது. ஆகையால் முனையை விட்டுவிட்டு உள்ளே வயரை வெட்டியிருக்கிறார்கள். தெரியாதவர் செய்த வேலை அல்ல. பாதி தெரிந்தவர் செய்தது. யார் என்று நான் விசாரிக்கவில்லை. வயர் பல ஆண்டுகள் பழையது; செய்தவர் இப்போது எம்மோடு இருக்கிறாரோ தெரியாது.

வளையம் அறுந்தால் இரைச்சல் போகும் என்பது உண்மைதான். ஆனால் எதை அறுத்தார்கள் என்று பாருங்கள். அம்பிளிபயருக்குள் ஒரு பழுது ஏற்பட்டு 230 வோல்ட் அதன் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டால், புவித்தொடுப்பு வயர் அந்த மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டு பியூசை எரித்துவிடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வயர் இல்லையென்றால் பியூஸ் எரியாது. அம்பிளிபயரின் சட்டம், அதிலிருந்து வரும் ஒலி வயரின் மேலுறை, தம்பியின் பெட்டி, கிற்றாரின் கம்பிகள் என வரிசையாக எல்லாவற்றிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். பிள்ளையின் இடக்கை கம்பியில். உதடோ மிக்சர் வழியாகப் புவித்தொடுப்புப் பெற்ற மைக்குக்குக் கிட்ட. 1972 மே மாதம் 3ஆம் திகதி, வேல்சின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் என்ற இசைக்குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலே மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். புவித்தொடுப்புச் சரியாக இல்லாததே காரணம். அவர் சப்பாத்துப் போட்டிருந்திருப்பார். எமது மண்டபத்தில் நாம் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறோம். அபிஷேகத்துக்குப் பிறகு கழுவிய தரை காய்வதற்கு முன்னரே பஜனை தொடங்குவதும் உண்டு.

தம்பிக்கு வயது 15. அவரது தாயார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அண்ணை, போன கிழமை..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. வயரை என்னிடமிருந்து வாங்கி, பிளக்கைக் கத்தரித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

இரைச்சலுக்குச் சரியான மருந்து வேறு. முதலாவது, அம்பிளிபயரையும் மிக்சரையும் ஒரே சொக்கற்றிலிருந்து வரும் வயரில் செருகுவது. வளையம் சிறுத்து இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். எமது மண்டபத்தின் நீளத்துக்கு அது வசதிப்படவில்லை. இரண்டாவது, டி.ஐ. பெட்டி எனப்படும் ஒரு சிறு பெட்டியைத் தம்பியின் பெட்டிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைப்பது. அதற்குள் ஒரு சிறிய டிரான்ஸ்போர்மர் இருக்கும். ஒலி காந்தப் புலத்தால் அக்கரை தாண்டும். வயருக்கு வயர் தொடுப்பு இல்லை. பக்கத்தில் உள்ள சுவிச்சைத் தள்ளினால் ஒலி வயரின் மேலுறைத் தொடுப்பு மாத்திரம் பிரியும். சுவரிலுள்ள மின்சாரத்தின் புவித்தொடுப்பை அது தொடாது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: ஒலி வயரில் பிரிக்கலாம், மின்சார வயரில் ஒருகாலும் கூடாது. டி.ஐ. பெட்டியை வைத்துச் சுவிச்சைத் தள்ளியதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. மூத்த அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்ப ஒண்டுதான் நிக்குது" என்றார். இதற்கு மேலாக, 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிச் ஒன்றும் மேடைச் சொக்கற்றுக்கு வாங்கியிருக்கிறோம். அது இருக்கிறதே என்று புவித்தொடுப்பில் அசட்டையாக இருக்கவேண்டாம். புவித்தொடுப்பு இல்லாத இடத்தில் அந்தச் சுவிச், மின்சாரம் ஆளைத் தொட்ட பின்னர்தான் துண்டிக்கும்.

இரைச்சல் போன பிறகுதான் பெட்டியின் உள்ளமைப்பைப் பார்க்க முடிந்தது. அதில் ஒரு வேடிக்கை. இரைச்சலை மறைப்பதற்காகத் தம்பி, பெட்டியில் உள்ள 'நொய்ஸ் கேற்' என்ற வாசற்கதவை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். ஒலி ஒரு குறித்த அளவுக்குக் கீழே போனதும் அது கதவைச் சாத்திவிடும். மின் கிற்றாரில் முரட்டுத்தனமாக வாசித்துச் சட்டென்று நிறுத்தும் மேற்கத்திய வாசிப்புக்கு அது நல்லது. எமது வாசிப்பிலோ ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுக் கம்பியை இழுத்து அசைக்கும்போது, ஒலி தேய்ந்துகொண்டே போகும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் கமகம் இருக்கிறது. கதவு சரியாக அந்த இடத்தில் மூடிக்கொண்டது. "பிள்ளை சொல்லத் தொடங்கின சொல்லை விழுங்குது" என்று எமது மிருதங்க வித்துவான் முன்னரே குறைப்பட்டிருந்தார். தம்பிக்குக் கமகம் வரவில்லை என்று நாம் நினைத்தோம். அவருக்கு வந்தது, பெட்டி சாப்பிட்டுவிட்டது. கதவை அநேகமாக முழுவதும் திறந்து வைத்து, 'கொம்பிரெசர்' என்ற பகுதியைச் சிறிதளவு சேர்த்தோம். அது பலத்த ஒலியைச் சற்று அமுக்கி, தேயும் ஒலியை மேலே தூக்கிப் பிடிக்கும். அதிகம் வைத்தால் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும். ஆகையால் உப்புப் போடுவது போல.

பெட்டி கடையிலிருந்து வரும்போது அதில் நிரப்பி வைத்திருக்கும் ஒலிகள் யாவும் கடையில் வாங்க நிற்பவரை அசத்துவதற்காகச் செய்தவை. ஒன்றையும் அப்படியே பாவிக்க வேண்டாம். வெற்று நிலையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் பார்க்கவேண்டியது, ஒலி வெளியேறும் இடம் எது என்ற அமைப்பு. கிற்றார் அம்பிளிபயரின் ஒலிபெருக்கி 5,000 ஹெர்ட்சுக்கு மேல் அதிகம் பேசாது. மண்டபத்து ஒலிபெருக்கியோ எல்லாவற்றையும் பேசும். மிக்சருக்கு நேரே அனுப்பும்போது, ஒலிபெருக்கிப் பெட்டியின் குணத்தைச் சேர்க்கும் பகுதியைப் போடாவிட்டால் கிற்றார் தேனீக் கூட்டம் போல் கேட்கும். தம்பியின் பெட்டியில் இரண்டு வழிக்கும் ஒரே அமைப்புத்தான். சனம் கேட்பது மண்டபத்து ஒலிபெருக்கியை. எனவே அதற்கு ஏற்றபடி வைத்தோம். தன் அம்பிளிபயரில் சற்று மந்தமாகக் கேட்பதைத் தம்பி பொறுத்துக்கொண்டார்.

எதிரொலியை முற்றாக நிறுத்திவிட்டோம். பஜனை மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போவது. நிமிடத்துக்கு 80 தட்டில் ஒரு தட்டு 750 மில்லி செக்கன். 120 தட்டுக்கு வந்ததும் அது 500. பெட்டியோ 750 இலேயே பிடிவாதமாக நின்று பதில் சொல்லும். பிறகு யார் சல்லாரிக்கு எதிராகப் போடுகிறார் என்று பார்த்தால், ஒருவரும் இல்லை, பெட்டிதான். முழக்கத்தை உண்டாக்கும் 'றிவேர்ப்' பகுதியும் வேண்டாம். எமது மண்டபத்துச் சுவர்களே அதை வேண்டிய மட்டும் தருகின்றன. சுருதி பார்க்கும் பகுதி பெரும்பாலும் 440 ஹெர்ட்சுக்கு வைத்து வரும். எமது பழைய தம்புராப் பெட்டி அதற்கு ஒத்துப் போகாது. பெட்டியில் அந்த எண்ணைச் சில ஹெர்ட்ஸ் ஏற்றி இறக்கலாம். தம்புராவைப் பெட்டிக்கு இழுக்காமல், பெட்டியைத் தம்புராவுக்குக் கொண்டுவந்தோம்.

வீட்டில் "பெட்டி செத்துவிட்டது" என்று பிள்ளை ஓடிவந்தால் உடனே கடைக்குக் கொண்டு போகாதீர்கள். கால்மிதியின் குதிப்பக்கம் அமர்ந்திருந்தால் ஒலி பூச்சியம்; நுனிப்பக்கம் மிதித்துப் பாருங்கள். சுருதி பார்க்கும் நிலையில் இருந்தால் பல பெட்டிகள் வாயை மூடிக்கொள்ளும். ஒரு வயர் மட்டும் இருந்தால் 'மொனோ' என்று எழுதிய துளையிலேயே செருகவேண்டும். அடப்டர் விடயத்தில் கவனம் தேவை. இப்பெட்டிகளில் அநேகம் 9 வோல்ட், நடுமுனை எதிர்மறை. மின்பியானோவின் அடப்டர் அதே துளைக்குள் அழகாகப் போகும். அது 12 வோல்ட்டாகவும் நடுமுனை நேராகவும் இருந்தால் பெட்டி உண்மையிலேயே செத்துவிடும். அடப்டரில் எழுதியிருக்கும் மில்லி அம்பியர் பெட்டி கேட்பதை விடக் கூட இருக்கலாம், குறைய இருக்கக்கூடாது. எல்லா அமைப்பையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு. அதைத் தொடுமுன், பிள்ளை சேர்த்து வைத்ததைக் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், எல்லாம் அழிந்துவிடும்.

டி.ஐ. பெட்டி இப்போது மண்டபத்து அலுமாரியின் இரண்டாம் தட்டில், மிக்சர் வயர்களோடு இருக்கிறது. பஜனை முடிந்ததும் அங்கேயே திரும்ப வைக்கவும். வரும் மாதம் முதற் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மண்டபத்திலுள்ள நீட்டு வயர்கள் அனைத்தையும் திறந்து சோதிக்கவிருக்கிறேன். உங்கள் வீட்டில் சந்தேகமான வயரோ அம்பிளிபயரோ இருந்தால் கொண்டுவாருங்கள். திருப்புளியும் சோதனைக் கருவியும் என்னிடம் உண்டு. பியூசும் புதிய பிளக்கும் நீங்களே வாங்கி வரவேண்டும். தம்பியும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிளக்கைக் கழற்றி மாட்ட இப்போது அவருக்குத் தெரியும்.